துண்டை நான் பிடிச்சுக்கிறேன், நீ ஓடு மாப்ளே

மாப்ளே, வர்ற மாசம் நீ லண்டனுக்கு வேலைக்கு வாரியாம். வந்ததும் உங்க அண்ணன் மாதிரியே ஏதோ ஓட்டக் கூட்டத்துல சேரப் போறியாம். எந்தங்கச்சி போன்ல சொல்லிட்டு, "காசு ஒண்ணும் கட்ட வேணாமாம்ணே, சும்மாவே சேத்துக்கிறாகளாம்"னு பெருமை வேற பட்டுக்கிட்டா. நான் ஒண்ணும் சொல்லல. முப்பது வருசம் சிங்கம்புணரிப் பக்கம் மாட்டுத் தரகு பாத்தவன்கிட்ட வந்து 'சும்மா'ன்னு ஒரு வார்த்தையச் சொன்னா, கை தன்னால தோள்துண்டுக்குப் போகும். சந்தையில வெலைய வாயாலயா பேசுறோம்? துண்டைப் போட்டு மூடி, உள்ள வெரலைப் பிடிச்சாத்தான அது எத்தனைன்னு தெரியும்.

அதனால நீ வர்றதுக்கு முன்னாடியே நான் கண்டதைச் சொல்லிப்புடுறேன். கேட்டா கேளு, கேக்காட்டி உங்க அண்ணன் மாதிரி முழங்கால்ல தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திரு.

நம்ம ஊர்ல ஒருத்தன் ஓடுனா சனம் அவனைப் பாக்காது. அவனுக்குப் பின்னாடி என்ன வருதுன்னுதான் பாக்கும். மாடா, நாயா, கடன் குடுத்தவனா. நான் மார்ச் மாசம் இங்க மேனர் பார்க்குல மக வீட்டுக்கு வந்த மறுநாளு, விடியக்காலம் சன்னல்ல நிக்கிறேன். ஒரு பொம்பளைப் புள்ள, அரைக்கால் டவுசர், குளிர்ல மூஞ்சி செவந்துபோயி ஓடுது. அதுக்குப் பின்னால ஒருத்தன். அவனுக்குப் பின்னால நாலு பேரு. "எந்த வீட்லத்தா களவு போச்சு?"ன்னு மகளைக் கேட்டேன். "ஓட்டப் பயிற்சிப்பா, பேசாம காப்பியக் குடிங்க"ன்னா. அன்னைக்குச் சாயந்தரமே உங்க அண்ணன் ஈஸ்ட் ஹாம்ல இருந்து வந்து, "மாமா, நானும் ஒரு கூட்டத்துல சேரலாம்னு இருக்கேன்"ங்கிறான். சிறாவயல் மஞ்சுவிரட்டுல மாடு அவுந்து வந்தப்பக்கூட ஓடாம வேப்ப மரத்துல ஏறி உக்காந்த பய. முப்பத்திநாலு வயசு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து உக்காந்து வயித்துல ஒரு தவலை. சரி, ஓடட்டும்னு நானும் கெளம்பிட்டேன். எனக்கு என்ன வேலைங்கிற? அவன் கழட்டிக் குடுக்குற கோட்டு, சாவி, தண்ணிப் பாட்டிலு எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு, மங்கிக் குல்லாயப் போட்டுக்கிட்டு நிக்கிறது.

முதல்ல போனது ஊருக்கு நடுவுல ஒரு செருப்புக் கடை. கடை பேரு எதுக்கு, விடு. இந்த ஊர்ல பெரிய பெரிய ஷூ கம்பெனிக்காரய்ங்க வாரத்துல ஒரு நாளு சாயந்தரம் கடை வாசல்ல கூட்டம் சேப்பாய்ங்க. பையைக் கடைக்குள்ளேயே வச்சிக்கிறலாம், கூடவே ஓட ஆளு வரும், முடிச்சு வந்தா தண்ணியும் வாழைப்பழமும். எல்லாம் சும்மா. "புது ஷூ வேணும்னா இரவலாத் தாறோம், போட்டு ஓடிப் பாருங்க"ன்னாய்ங்க. அதுக்கு முன்னாடி இவனை ஒரு ஓடுற பட்டை மேல ஏத்தி, பின்னால கேமராவ வச்சு, காலைப் படம் பிடிச்சுப் பாத்தாய்ங்க. "உங்க பாதம் உள்பக்கமாச் சாயுது"ன்னு ஒரு சின்னப் பய சொல்றான். நான் அசந்துட்டேன் மாப்ளே. பல்லைப் பிடிச்சுப் பாத்து, குளம்பைத் தூக்கிப் பாத்து, சுழி எங்க இருக்குன்னு தடவிப் பாத்து வெல சொல்ற நம்ம தொழிலை இந்தப் பய கேமராவ வச்சுச் செய்யிறான்! ஒரே ஒரு வித்தியாசம். நாங்க மாட்டுல குத்தம் கண்டுபிடிச்சா வெல எறங்கும். இங்க மனுசன்ல குத்தம் கண்டுபிடிச்சா வெல ஏறுது. அஞ்சு கிலோமீட்டர் இரவல் ஷூவுல ஓடிட்டு வந்தவன், திரும்பிப் போறப்ப 140 பவுண்டுக்கு அதே ஷூவக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனான். ஆடி மாசத்துல ஒரு நல்ல வெள்ளாட்டுக் கிடாய் வெல.

நீயும் போ. ஓட்டம் என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்லக்கூடாது. ஆனா போறப்ப பணம் எடுக்குற அட்டைய மாமன்கிட்டக் குடுத்துட்டுப் போ.

அடுத்து ஒரு பூங்காவுல ஒரு கூட்டம். அங்க கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல, கூட்டத்துத் தலைவன் நல்ல பையன். "மெதுவாத்தான் ஓடுவோம், பேசிக்கிட்டே ஓடலாம்"னான். உங்க அண்ணன் அதை நம்புனான். மாப்ளே, நல்லா மனசுல வாங்கிக்க: 'மெதுவு'ங்கிறது ஒரு அளவே இல்ல. நம்ம பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்துல பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு எதுக்குப் பிரிச்சு வச்சிருக்கான்? பூஞ்சிட்டைக் கொண்டுபோயி பெரிய மாட்டோட பூட்டுனா வண்டி குடை சாஞ்சு போகும்னுதான். இங்கயும் அந்தப் பிரிவு உண்டு. ஆனா வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்ல மாட்டாய்ங்க. நீதான் கேக்கணும். "ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிசம்?"னு எண்ணாக் கேளு. அஞ்சரைன்னு சொன்னா கும்பிட்டுட்டு வந்துரு. ஏழு, எட்டுன்னா நில்லு. பின்னால விழுந்தவனுக்காக யாராச்சும் நிப்பாகளான்னு கேளு. எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னும் கேளு, ஏன்னா சில கூட்டம் ஆரம்பிச்ச எடத்துலயே முடியாது. நீ ஒரு பக்கம், கோட்டு பிடிச்ச மாமன் ஒரு பக்கம்னு ஆயிரும்.

அப்படித்தான் ஆச்சு. நான் ஒரு வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கேன், ஒண்ணேகால் மணி நேரம். இவன் அடுத்த வாசல்ல, வேர்வை காஞ்ச பனியனோட, கையில போனும் இல்லாம வெடவெடன்னு நிக்கிறான். போனு, சாவி, கோட்டு எல்லாம் எங்கிட்ட. கடைசியில ஒரு நாய் புடிச்சிக்கிட்டு வந்த கிழவி அவனை எங்கிட்டக் கொண்டாந்து விட்டுச்சு. அந்தப் 'பேசிக்கிட்டே ஓடுற' கூட்டத்துல இவன் பேசுன ஒரே வார்த்தை 'ஸாரி'தானாம்.

அதுக்கு அப்புறந்தான் என் பேத்தி ஒரு வழி சொன்னா. இந்த ஊரு அரசாங்க ஆஸ்பத்திரிக்காரங்களே போன்ல ஒரு பாடம் வச்சிருக்காங்க. சோபாவுல கெடக்குறவனை அஞ்சு கிலோமீட்டர் ஓட வைக்கிற பாடம். ஒம்பது வாரம், வாரத்துக்கு மூணு நாளு. முதல் வாரம் 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை, திரும்ப ஓட்டம், திரும்ப நடை. அவ்வளவுதான். அதை மொதமொதல்ல எழுதுனது அமெரிக்காவுல ஜோஷ் கிளார்க்னு ஒருத்தன், 1996-ல. அம்பது வயசு தாண்டுன அவன் ஆத்தாளுக்காக எழுதுனானாம். பெத்த தாயிக்கு எழுதுனதுனால அதுல பொய் இல்ல. நீ வர்றதுக்கு ஒரு மாசம் இருக்குல்ல, இன்னைக்கே ஊர்ல ஆரம்பி. கண்மாய்க் கரையில ஓடு. யாராச்சும் என்னடான்னு கேட்டா, மாடு அத்துக்கிட்டுப் போச்சுன்னு சொல்லு.

மிட்நைட் ரன்னர்ஸ்னு ஒரு கூட்டம் இருக்கு. பேர்லதான் நடுச்சாமம், ஓடுறது பொழுது சாய. பத்து கிலோமீட்டர். முதுகுல ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு ஆளு ஓடுறான், பாட்டு அலறுது, நடுநடுவுல நிப்பாட்டி எல்லாரும் தண்டால் எடுக்குறாய்ங்க, குதிக்கிறாய்ங்க, முன்னப்பின்னத் தெரியாதவன் கையில கையத் தட்டுறான். நம்ம ரேடியோ செட்டுக்காரன் தேருக்குப் பின்னாடி போவான்ல, அந்த மாதிரி. நான் பாலத்துல நின்னு வேடிக்கை பாத்தேன். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. உங்க அண்ணனுக்குத்தான் மூணாவது தண்டாலோட பாட்டு காதுல ஏறல.

இன்னொண்ணு, மாவுப் புள்ளி வச்சு ஓடுற கூட்டம். ஒருத்தன் முன்னாடியே போயி பாதை நெடுக மாவைப் போட்டு அடையாளம் வைப்பான். பாதிப் புள்ளி பொய்ப் புள்ளி. மத்தவய்ங்க அதை மோப்பம் பிடிச்சுக் கூவிக்கிட்டே ஓடணும். கடைசியில போயி நிக்கிற எடம் பீர்க்கடை. இது 1938-ல கோலாலம்பூர்ல ஆரம்பிச்சதாம். எங்க பெரியப்பா மலேயாவுல ரப்பர் பால் எடுத்துக்கிட்டு இருந்த காலம். அங்க இருந்த வெள்ளைக்காரத் தொரைமாருக சில பேரு, குடிச்ச சாராயம் எறங்கணும்னு ஓட ஆரம்பிச்சிருக்காக. சாப்பாடு ருசியில்லாத கடுப்புல, அவுக திங்கிற எடத்தை 'ஹேஷ் ஹவுஸ்'னு கேலி பண்ணி வச்ச பேரு இன்னைக்கும் நிக்கிது. ஆக, ஓடுனதுக்கு அப்புறம் குடிக்கிற கூட்டமா, குடிக்கிறதுக்காக ஓடுற கூட்டமான்னு கேக்காத. உங்க ஆத்தாகிட்ட இதைச் சொல்லாத. அதுல சின்னதா காசும் வாங்குவாக, அதனால நம்ம கணக்குல சேராது.

அடுத்தது குட்ஜிம். இதைக் கொஞ்சம் நின்னு சொல்லணும். லண்டன்ல 2009-ல ஆரம்பிச்சது. ஜிம்முக்குள்ள போயி இரும்பைத் தூக்கி வேர்வை விடுறதுக்கு, அந்த வேர்வையில யாருக்காச்சும் வேலை நடக்கட்டுமேன்னு யோசிச்சிருக்காய்ங்க. கூட்டமா ஓடிப் போயி, ஒரு தோட்டத்துல மண்ணள்ளுவாக, வயசானவுக வீட்ல கட்டிலை நகத்திப் போடுவாக, திரும்ப ஓடி வருவாக. உங்க அண்ணன் போன அன்னைக்கு வேலை, பொதுத் தோட்டத்துல மக்கின உரத்தை அள்ளித் தள்ளுவண்டியில கொட்டுறது. மாப்ளே, எந்தங்கச்சி இருபது வருசமாத் தொண்டை கிழியக் கத்தி, ஒரு நாளு தொழுவத்துல சாணி அள்ளியிருப்பானா இந்தப் பய? மாட்டு மூத்திரம் நாறுதுன்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனவன், இங்க ரெண்டு கிலோமீட்டர் ஓடிப் போயி, கையில உறை மாட்டி, மண்வெட்டியப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டுப் படம் எடுத்துக்கிறான். அந்தப் படத்தை உங்க ஆத்தாளுக்கு நான்தான் அனுப்பி வச்சேன். அவ இன்னும் பேசலையாம்ல அவன்கூட?

அந்தக் கூட்டத்துல இன்னொரு சங்கதி. தனியாக் கெடக்குற வயசாளிக வீட்டுக்கு ஒருத்தரை வாராவாரம் ஓடிப் போகச் சொல்வாக. போயி உக்காந்து பேசிட்டு, திரும்பி ஓடி வரணும். அந்த வயசாளிக்கு ஆரம்பத்துல என்ன பேரு வச்சாகன்னா, 'கோச்'. பயிற்சியாளர்! கிழவன் நாற்காலியில உக்காந்துக்கிட்டு இருப்பான். அவனைப் பாக்கணுமேங்கிறதுக்காகவே இவன் மழையிலயும் ஓடி வருவான். அப்பக் கிழவன்தான பயிற்சி குடுக்குறது? இதைக் கண்டுபிடிச்சவன் மண்டைக்கு ஒரு மாலை போடலாம். நான் மகள்கிட்ட, "என் பேரையும் கோச்சுன்னு குடுத்து வையித்தா"ன்னேன். "உங்களுக்கு என்னப்பா, நாங்க இத்தனை பேரு இருக்கையில?"ன்னு கோவிச்சுக்கிட்டா. அதுவும் சரிதான். காலையில எட்டு மணிக்கு எல்லாரும் கெளம்புனா சாயந்தரம் ஆறுக்குத்தான் வர்றாக. நடுவுல நானும் டிவியும்.

எங்க விட்டேன்? ஆங், காப்பியைச் சொல்லலையே. எந்தக் கூட்டமா இருந்தாலும் ஓட்டம் முடிஞ்சதும் ஒரு காப்பிக் கடைக்குள்ள நுழையுவாய்ங்க. ஓடுறதுக்குக் காசில்ல, ஓடாம உக்காந்து பேசுறதுக்குத்தான் காசு. "ஒரு காப்பி நாலு பவுன் மாமா"ன்னான் உங்க அண்ணன். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நாலு பவுன்ல எந்தங்கச்சி கல்யாணத்துக்குத் தாலிச் சங்கிலி எடுத்தேன்டா. அப்புறந்தான் அது பவுண்டுன்னு தெளிஞ்சுச்சு. தெளிஞ்சும் மனசு ஆறல. நான் வீட்ல இருந்து பிளாஸ்க்குல கொண்டு போனதை அங்கேயே தொறந்தேன். கடைக்காரப் புள்ள பாத்துச்சு. நானும் பாத்தேன். அது ஒண்ணும் சொல்லல.

இப்ப முக்கியமான சரக்குக்கு வாரேன்.

எங்க வீட்டுக்கு நடந்து போற தூரத்துல வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ்னு ஒரு வெட்டவெளி. முன்னூறு ஏக்கருக்கு மேல, அம்புட்டும் புல்லு. மொத தடவை பாத்ததுமே, "இது மேய்ச்சக் காடு"ன்னு சொல்லிட்டேன். பேத்தி சிரிச்சா. அவ பள்ளிக்கூடத்துல விசாரிச்சுட்டு வந்து மறுநாளு வாயைப் பொத்திக்கிட்டா. 1996 வரைக்கும் அங்க மாடு மேஞ்சிருக்கு மாப்ளே! லண்டன் பட்டணத்துக்குள்ள! பித்தம் புடிச்ச மாட்டு நோயாலதான் நிறுத்தியிருக்காக. 1878-ல சட்டம் போட்டு, இது வேலி அடைக்கக்கூடாத பொது நெலம்னு எழுதி வச்சிருக்கான். நம்ம ஊர்ல மந்தைவெளி புறம்போக்கு எல்லாம் எப்படிப் போச்சுன்னு உனக்கே தெரியும். யாரு வீடு அதுல நிக்கிதுன்னும் தெரியும். சரி, அது வேண்டாம் இப்ப.

அந்த மேய்ச்சக் காட்டுல சனிக்கிழமை காலையில சரியா ஒம்பது மணிக்கு ஒரு கூட்டம் ஓடுது. அஞ்சு கிலோமீட்டர். பார்க்ரன்னு பேரு. இதே மாதிரி ஊரு ஊருக்கு, இருபது தேசத்துக்கு மேல ஓடுறாய்ங்களாம். ஆரம்பிச்சது இதே லண்டன்ல புஷி பார்க்குல, 2004 அக்டோபர் 2-ஆம் தேதி. பால் சின்டன் ஹெவிட்னு ஒரு ஓட்டக்காரன். அடிபட்டு ஓட முடியாமப் போச்சு. கூட ஓடுன சேக்காளிகளைப் பாக்காம இருக்க முடியல. சரி, நீங்க ஓடுங்க, நான் கடிகாரம் பிடிக்கிறேன்னு கூப்பிட்டிருக்கான். அன்னைக்கு ஓடுனது 13 பேரு. ஓடி முடிச்சவனுக்கு எத்தனாவதுன்னு அடையாளம் குடுக்க, இரும்புக் கடையில வாங்குன வாஷர்ல நம்பர் அடிச்சுக் குடுத்தானாம். ஓட முடியாமக் கோட்டுக்கு வெளிய நின்னவன் ஆரம்பிச்சது பாத்தியா? அதனாலயோ என்னமோ எனக்கு இந்தக் கூட்டத்து மேல ஒரு கண்ணு.

இருந்தாலும் தரகன் புத்தி போகுமா? முதல் வாரமே துண்டுக்குள்ள வெரலைத் தேட ஆரம்பிச்சிட்டேன். கட்டணம் உண்டா? இல்ல. ஷூ விக்கிறாகளா? இல்ல. பேரு ஒரு தடவை பதிஞ்சா ஆயுசுக்கும் போதும், ஒரு கோடு கோடாப் போட்ட பார்கோடு தருவாக, நம்ம ரேசன் அட்டை மாதிரி. அதைக் கொண்டு போனாத்தான் உன் நேரம் ஏட்டுல ஏறும். மறந்துட்டா ஓடலாம், ஆனா நீ ஓடுனதுக்குச் சாட்சி கெடையாது. உங்க அண்ணன் முதல் வாரம் மறந்தான். ரெண்டாவது வாரம் கொண்டு போனான். முடிக்கிற எடத்துல குடுத்த நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லையத் திருப்பிக் குடுக்க மறந்து பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டான். கோயில்ல செருப்பு டோக்கனை வச்சுக்கிட்டு, செருப்பை விட்டுட்டு வந்த கதை. அந்த வில்லை இல்லாம அங்க ஏடே தாறுமாறா ஆகுமாம். நான்தான் அடுத்த வாரம் கொண்டு போயி, நம்ம வளர்ப்பு சரியில்லைன்னு தலையக் குனிஞ்சு குடுத்துட்டு வந்தேன்.

ஆரம்பிக்கையில ஒரு அம்மா பெட்டி மேல ஏறி நின்னு, "இது ஓட்டம், பந்தயம் இல்ல"ன்னு சொல்லுது. எல்லாரும் பவ்வியமாத் தலையாட்டுறாய்ங்க. தலை ஆடுது மாப்ளே, வெரலு பூரா கடிகாரத்துப் பொத்தான் மேலதான் இருக்கு. 2024 பிப்ரவரியில ஆகக் குறைஞ்ச நேரத்துல ஓடுனவுக பட்டியலை எல்லாம் எடுத்துட்டாகளாம், புதுசா வர்றவுக மெரண்டு போகக் கூடாதுன்னு. நம்ம வண்டிப் பந்தயத்துல செயிச்சவன் பேரை எடுத்தா அரிவாளை எடுத்திருப்பாய்ங்க. இங்க கொஞ்ச நாளு முனங்கிட்டு, அடுத்த சனிக்கிழமை திரும்ப ஓட வந்துட்டாய்ங்க.

உங்க அண்ணன் ஓட்டத்தைச் சொல்லணுமே. முதல் சுத்துல நல்லாத்தான் போனான். ரெண்டாவது சுத்துல நான் நிக்கிற எடத்துக்கு வர்றான், மூஞ்சி வேகவச்ச பீட்ரூட்டு. அவனுக்குப் பின்னால ஒரு பொம்பள, மூணு சக்கரத் தள்ளுவண்டியில புள்ளையைப் போட்டுத் தள்ளிக்கிட்டே ஓடி வருது. வண்டிக்குள்ள அந்தப் புள்ள கையில ஈரமாக் கரைஞ்ச பிஸ்கோத்தை வச்சுச் சப்பிக்கிட்டு, உங்க அண்ணன் பக்கத்துல வர்றப்பத் திரும்பி அவனையே பாத்துச்சு. கடந்து போனப்பவும் பாத்துச்சு. வண்டி வளைவுல திரும்புற வரைக்கும் தலையை வெளிய நீட்டிப் பாத்துக்கிட்டே போச்சு. பிஸ்கோத்தை இவனுக்கு நீட்டிருமோன்னு எனக்குப் பயம்.

இந்த ஊர்லயும் பஞ்சாயத்துன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? 2016-ல பிரிஸ்டல் பட்டணத்துக்குப் பக்கத்துல லிட்டில் ஸ்டோக்னு ஒரு ஊரு. அந்தப் பஞ்சாயத்து, நீங்க வாராவாரம் ஓடி எங்க பூங்காவைத் தேய்க்கிறீக, பராமரிப்புக்குக் காசு குடுங்கன்னு தீர்மானம் போட்டுருச்சு. ஓடுறவுக, காசுன்னு ஒண்ணு உள்ள வந்தா அது பார்க்ரன்னே இல்லைன்னு சொல்லிட்டாக. அந்த ஊர்ல ஓட்டமே நின்னு போச்சு. இதைக் கேட்டதும் நான் துண்டைத் தோள்ல திரும்பப் போட்டுக்கிட்டேன். சரி, இவுக நெசமாவே வெல சொல்ல மாட்டாக போல.

அங்கதான் ஏமாந்தேன்.

கோட்டைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறேன்ல, மூணாவது வாரம் ஒரு பையன் வந்து பேத்திகிட்ட ஏதோ கேட்டான். "தாத்தா, கூம்பை எடுத்து வைக்க ஒரு கை குடுப்பீகளான்னு கேக்குறாக"ன்னா. குடுத்தேன். நாலாவது வாரம் வில்லையை வாங்கி அடுக்கச் சொன்னாக. அடுக்குனேன். கடிகாரம் பிடிக்கிறது, பார்கோடு பாக்குறது, வளைவுல நின்னு கைதட்டுறது எல்லாமே இப்படி வேடிக்கை பாக்க வந்து மாட்டுனவுகதான், ஒருத்தருக்கும் கூலி கெடையாது. அஞ்சாவது வாரம் மினுமினுன்னு ஒரு சட்டையை மாட்டிவிட்டு, பேத்தி சொல்றா: "இன்னைக்கு நீங்கதான் டெயில் வாக்கர் தாத்தா." கடைசியா வர்றவுகளுக்கும் பின்னால நடந்து வர ஒரு ஆளு. அவருக்குப் பின்னால யாரும் வரக்கூடாது, அதனால கூட்டத்துல எவனும் கடைசி ஆக மாட்டான். மந்தைக்குப் பின்னால போறவன் வேலைதான அது? முன்னால போற கிடாய்க்கு வழி தெரியும். நொண்டி ஆட்டுக்கும் ஈத்து ஆட்டுக்குந்தான் ஆளு வேணும். நான் என்னமோ பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டதா நெனச்சேன். ரெண்டு எட்டு வச்ச பெறகுதான் புரிஞ்சுச்சு, துண்டுக்குள்ள என் வெரலைத்தான் பிடிச்சிருக்காய்ங்கன்னு.

அன்னைக்குக் கடைசியா வந்தது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. முழங்கால் ஆபரேசன் பண்ணி மூணு மாசமாம், காலை லேசா வீசி வீசி வச்சுது. என்னையும் என் வேட்டியையும் பாத்துட்டு, "ஐயா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் மெல்ல மெல்ல வாறன்"னுச்சு. "நான் முன்னால போனா என் வேலை போயிரும்மா, நீங்க நடங்க"ன்னேன். சிரிச்சுச்சு. அப்புறம் பேச்சுதான். முருகன் கோயில் தேரு, அவுக ஊர்ல இருந்த பசுவோட பேரு, மருமகளோட சமையல், எல்லாம் வந்துச்சு. புல்லுக்குள்ள ஒரு எடத்துல வேலி கட்டியிருந்துச்சு. வேலியே கூடாத காட்டுல இது என்னன்னு கேட்டேன். "அது வானம்பாடிக்கு ஐயா, நிலத்திலதான் கூடு கட்டும், ஆக்கள் மிதிச்சுப் போடுவினம்"னுச்சு. அண்ணாந்து பாத்தோம். குருவி கண்ணுக்குத் தட்டல, சத்தம் மட்டும் மேல இருந்து கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்த அம்மா நிக்கிறப்ப நானும் நின்னேன். முடிக்கிற எடத்துக்குப் போறப்ப ஒரு மணி நேரம் ஆகிப் போச்சு. ஒருத்தனும் வீட்டுக்குப் போகல. அம்புட்டுப் பேரும் நின்னு கைதட்டுறாய்ங்க. அந்த அம்மாவைக் கோட்டைத் தாண்ட விட்டுட்டு, ஒரு எட்டு தள்ளி நான் தாண்டுனேன்.

ஆக, வா மாப்ளே. எந்தக் கூட்டத்துக்கும் ரெண்டு தடவை போயிப் பாரு, ஒரு தடவைய வச்சு முடிவு பண்ணாத. முதல் தடவை உன் கூச்சந்தான் ஓடும், ரெண்டாவது தடவைதான் நீ ஓடுவ. பழைய ஷூவப் போட்டுப் போ. பின்னால நிக்கிறவுக மூஞ்சியப் பாரு. பிளாஸ்க்கு நான் கொண்டாரேன். கோட்டு பிடிக்கத்தான் வேற ஆளு பாக்கணும், மாமனுக்கு இப்பச் சனிக்கிழமை நேரம் இல்ல.

ஏன்னு கேக்குறியா? அன்னைக்குச் சாயந்தரம் ஏடு போன்ல வந்துச்சு. உங்க அண்ணன் 187-ஆவது. நான் 212-ஆவது, மொத்தமே 212 பேருதான். பய விழுந்து விழுந்து சிரிச்சான். நான் பேத்தியக் கூப்பிட்டு, "அந்தப் பட்டியலை என் வயசுக்காரய்ங்க மட்டும் தெரியிற மாதிரி அமுக்கித்தா"ன்னேன். அமுக்குனா. ஒரே ஒரு பேரு நின்னுச்சு. அதைப் படம் பிடிச்சு உங்க ஆத்தாளுக்கு அனுப்பியிருக்கேன், வாங்கிப் பாரு. ஊர்ல கேக்குறவுககிட்ட, எங்கண்ணன் லண்டன்ல ஓடி முதலாவதா வந்திருக்குன்னு அவளைச் சொல்லச் சொல்லு. எத்தனை பேர்லன்னு யாரும் கேட்டா, போன்ல சத்தம் சரியாக் கேக்கலைன்னு வச்சிரச் சொல்லு.